விலைப்பட்டியலிலிருந்து விற்றுத் தீர்ந்த வரிசைகளை ஜேக்வரி மூலம் நீக்குதல்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் காய்கறி வியாபாரிகளுக்காகத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு விலைப்பட்டியல் பக்கம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். விற்றுத் தீர்ந்த காயின் வரிசை அதில் அப்படியே நின்றால், அதை நம்பி வண்டி பிடித்து வருபவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஜான் ரெசிக் 2006-இல் வெளியிட்ட ஜேக்வரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தில் அந்த வரிசையை நீக்குவது ஒரே வரி வேலை. சரியான வரிசையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

தீர்ந்த வரிசைகளுக்கு ‘தீர்ந்தது’ என்று கிளாஸ் (ஒரே வகை உறுப்புகளுக்கு HTML-இல் இடும் பொதுப் பெயர்) கொடுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் கிளாஸ் பெயர் தமிழிலேயே இருக்கலாம். $('.தீர்ந்தது') என்று எழுதினால் அந்தக் கிளாஸ் உள்ள எல்லாமே சிக்கும், பக்கத்தின் வேறு மூலையில் அதே கிளாஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பதால், $('#விலைப்பட்டியல் .தீர்ந்தது') என்று அட்டவணையின் ஐடியை (அதற்கு மட்டும் உரிய அடையாளப் பெயரை) முன்னால் இடைவெளி விட்டுச் சேர்த்து எல்லை கட்டிக்கொள்வதே நல்லது.

காயின் பெயரை வைத்துத் தேட ‘கன்டெய்ன்ஸ்’ (:contains) தேர்வி உதவும் என்றாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது முழுச் சொல்லைப் பார்ப்பதில்லை. ‘மிளகாய்’ என்று தேடினால் ‘குடைமிளகாய்’ வரிசையும் அகப்பட்டுக்கொள்ளும், சரக்கு இருக்கும்போதே அது பட்டியலிலிருந்து மறையும்.

தேர்ந்தெடுத்தபின், அந்த வரிசை திரும்பத் தேவைப்படுமா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் ‘ரிமூவ்’ (.remove()) போதும்; அது உறுப்பையும், அதனுடன் ஜேக்வரி வழியே இணைத்த நிகழ்வுகளையும் (அழுத்தினால் நடக்க வேண்டியவை போன்றவை) தரவுகளையும் சேர்த்தே நீக்கும். பொத்தானை அழுத்தித் தமிழ், மலையாள வரிசைகளை மாற்றி மாற்றிக் காட்டுவதானால் ‘டிடாச்’ (.detach()) பயன்படுத்தி, எடுத்ததை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் சேர்க்கும்போது நிகழ்வுகள் முன்போலவே வேலை செய்யும். ‘எம்ப்டி’ உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யும். ‘ஹைட்’ கண்ணுக்கு மறைக்குமே தவிர நீக்காது: மறைத்த வரிசையில் உள்ளீட்டுப் பெட்டி இருந்தால், படிவத்தை அனுப்பும்போது அதன் மதிப்பும் சேர்ந்தே போகும்.

எதுவும் சிக்காவிட்டாலும் ஜேக்வரி பிழை காட்டாது. ஆகவே நீக்கும் கட்டளைக்கு முன், தேர்வின் ‘லெங்த்’ (length) மதிப்பை, அதாவது எத்தனை உறுப்புகள் சிக்கின என்ற எண்ணிக்கையை, உலாவியின் கன்சோலில் பார்த்துவிடுங்கள். கிளாஸும் ஐடியும் சரியாக இருந்தும் அது 0 என்றால், அட்டவணை பக்கத்தில் வந்து சேரும் முன்பே நிரல் ஓடியிருக்கும். சர்வரிலிருந்து விலைகளை வாங்கி நிரப்பும் பக்கமானால், நிரப்பி முடித்த இடத்திலேயே நீக்கும் வரியை எழுதுங்கள்.