மனப்பான்மை அளவுகோலை எடைபோடுவது எப்படி? தன்பாலீர்ப்பு குறித்து ஆய்வு செய்யத் தொடங்குவோருக்கு

தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய மனப்பான்மையை அளக்க விரும்பும் முதுகலை மாணவர்கள், ஓர் அளவுகோலைக் கண்டதும் அதன் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.70-ஐத் தாண்டுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்ணைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, விடையளிப்போர் ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய கூற்றுகளைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி, ஒவ்வொரு கூற்றும் இன்றும் பொருள் தருகிறதா என்று பார்ப்பது. அமெரிக்க உளவியலாளர் கிரிகரி ஹெரெக் 1980-களில் உருவாக்கிய அளவுகோலில் 20 கூற்றுகள் உண்டு. பெண் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பத்து, ஆண்களைப் பற்றிப் பத்து. பெண்கள் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டங்களைத் தளர்த்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அத்தகைய சட்டங்கள் செல்லாதவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்துவிட்ட பிறகு, செல்லாத சட்டத்தைப் பற்றிய விடை எதை அளக்கிறது?

இரண்டாவதாக, எதிர்த்திசைக் கூற்றுகளின், அதாவது ஆதரவாக எழுதப்பட்டவற்றின், மதிப்பெண்களைத் திருப்பிவிட்டு (இதை மறப்பவர்களே மிகுதி), பரவலைப் பாருங்கள். இங்கே மதிப்பெண் கூடினால் எதிர்ப்பு கூடுதல் என்று பொருள். கல்லூரி மாணவர்களிடம் பழைய அளவுகோல்களைக் கொடுத்தால் மதிப்பெண்கள் கீழ்முனையில் குவிந்துவிடுவதுண்டு. நேரடி வெறுப்பைச் சொல்லாமல், உரிமைக் கோரிக்கைகள் மிகையானவை என்பது போன்ற நாகரிகமான எதிர்ப்பை அளக்க மெலனி மாரிசனும் டாட் மாரிசனும் 2002-இல் 12 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஆல்ஃபாவுக்கு வரலாம். கூற்றுகளுக்கிடையிலான சராசரி ஒட்டுறவு (இரண்டின் விடைகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.30 என்றால், பத்துக் கூற்றுகளுக்கு ஆல்ஃபா ஏறத்தாழ 0.81, அதே ஒட்டுறவோடு கூற்றுகளை இருபதாக்கினால் 0.90 ஆகிவிடும். தரம் கூடவில்லை, நீளந்தான் கூடியது. ஆல்ஃபா உயர்ந்திருப்பதால் அளவுகோல் ஒரே பண்பை அளக்கிறது என்றும் ஆகாது. அதற்கு, எந்தெந்தக் கூற்றுகள் ஒன்றாகக் குழுச் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். அதிலும் எதிர்த்திசைக் கூற்றுகள், சொல்லமைப்பின் காரணமாகவே தனிக் காரணியாகப் பிரிந்து நம்மை ஏமாற்றக்கூடும்.

அடுத்தது ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளவுகோல் அளக்கிறதா என்பது. மரபான பாலினப் பாத்திரங்களை வலியுறுத்துவோரின் மதிப்பெண் உயர்ந்தும், தன்பாலீர்ப்பாளர்களை நண்பர்களாகக் கொண்டோரின் மதிப்பெண் தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தரவு திரட்டுவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொண்டு, பிறகு சோதியுங்கள்.

தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் ஒரு சொல்லில் நிதானிக்க வேண்டும். 'ஓரினச்சேர்க்கை' செயலைச் சுட்டுகிறது. 'தன்பாலீர்ப்பு' ஈர்ப்பைச் சுட்டுகிறது. ஒரே கூற்றில் இவற்றை மாற்றிப் போட்டாலே விடை மாறக்கூடும் என்பதால், இரு வடிவங்களையும் சிறு குழுவிடம் கொடுத்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடும் எண்ணம் இருந்தால், கூற்றுகள் காரணிகளாகக் குழுச் சேரும் அமைப்பு இரு குழுக்களிலும் ஒன்றுபோல் இருப்பதை உறுதிசெய்யும் வரை சராசரிகளை அருகருகே வைக்க வேண்டாம்.