கண் முழி தள்ளினால் முதலில் பழைய படத்தை எடுங்கள்

அண்ணாவின் வலது கண் பெரிதானதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. வட்டக்கச்சியில் அரிவு வெட்டுக் காலம். கண் சிவந்து நீர் வடிந்ததை நெல்லுத் தூசி என்றே நினைத்தோம். முதலில் காட்டிய இடத்தில் கண்நோய் என்று துளிமருந்து தந்தார்கள். ஒரு மாதம் வீணானது. அடையாள அட்டைப் படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

நீங்களும் அப்படித்தான் தொடங்குங்கள். அப்புறம் ஆளைக் கதிரையில் இருத்தி, பின்னால் நின்று, தலையைச் சற்று அண்ணாந்து பிடிக்கச் சொல்லி, நெற்றிக்கு மேலிருந்து கீழே பாருங்கள். எந்த முழி புருவத்தைத் தாண்டி நிற்கிறது என்று தெரியும். நேரே பார்க்கையில் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியோடு சேர்ந்து வரும் நோய்தான் காரணம். ஒரு கண் மட்டும் தள்ளினாலும் அதுவாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிழையாகத் திரும்பி, கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கும். நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், மெலிவு இருந்தால் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். அண்ணாவுக்குச் சாறம் இடுப்பில் நிற்கவில்லை. கட்டியாலும், தலையில் அடிபட்டதாலும் கூட முழி தள்ளும்.

குழந்தைக்குக் காய்ச்சலோடு இமை வீங்கி முழி தள்ளினால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். அது கிருமித் தொற்றாக இருந்தால் பார்வையே போகலாம். பெரியவர்களுக்குப் பார்வை மங்கினாலும், நிறங்கள் வெளிறித் தெரிந்தாலும் அன்றைக்கே போகவேண்டும்.

தைரொயிட் எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரத்தத்தில் ரி.எஸ்.எச்., ரி3, ரி4 என்ற ஹோர்மோன் அளவுகளைப் பார்ப்பார்கள். முழியை அளக்க ஒரு கருவி உண்டு. இரண்டு கண்ணுக்கும் 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடுவார்கள். தேவையென்றால் ஸ்கான்.

அண்ணாவுக்குத் தைரொயிட்டின் வேகத்தைக் குறைக்கும் கார்பிமசோல் குளிசை தந்தார்கள். அதைக் குடிக்கும்போது தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு, உடனே போய் இரத்தம் சோதிக்க வேண்டும். கண் மோசமானால் ஸ்டீரொயிட் ஊசி, சிலருக்குச் சத்திரசிகிச்சை. ஆனால் டொக்டர் முதலில் கேட்டது, "பீடி குடிப்பீங்களா?" என்றுதான். புகை இந்தக் கண்ணை இன்னும் கெடுக்கும், மருந்தையும் பிடிக்கவிடாது. குளிசை குடிப்பதைவிடப் பீடியை விடுவதற்குத்தான் அண்ணா அதிகம் பாடுபட்டார்.

இமை சரியாக மூடாததால் இரவில் கண்ணுக்குக் களிம்பு பூசி, தலையணையை உயர்த்திப் படுப்பார். வயலுக்குப் போகையில் கண்ணாடி போடாமல் சைக்கிளை எடுக்க நான் விடுவதில்லை.