சூயிங் கம்மிலும் மின்ட் மிட்டாயிலும் குளூட்டன் உண்டா என்று பார்க்கும் முறை

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்தான் சீலியாக். அந்த நோயுள்ள பிள்ளைக்காகச் சப்பாத்தியையும் பரோட்டாவையும் கவனமாக விலக்கிவிடும் வீட்டில்கூட, கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாகக் கொடுக்கும் ஒரு மிட்டாய் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. சூயிங் கம்மை விழுங்குவதில்லையே என்றும் சமாதானம் அடைய முடியாது. மெல்லும்போது அதன் மேற்பூச்சும், ஒட்டாமல் இருக்கத் தூவப்பட்ட பொடியும் எச்சிலோடு வயிற்றுக்குள்தான் போகின்றன.

உதிரியாக விற்கும் மிட்டாயின் சிறு உறையில் மூலப்பொருள்களை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இந்திய விதிகளில் இல்லை; அவை பல மிட்டாய்கள் அடங்கிய பெரிய உறையில் இருக்கும். ஆகவே கடைக்காரரிடம் அந்த டப்பாவையே கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கம்மின் அடிப்படைப் பொருளிலும் சர்க்கரையிலும் புதினா எண்ணெயிலும் பொதுவாகக் குளூட்டன் இராது. தேட வேண்டியவை கோதுமை மாவு, கோதுமை ஸ்டார்ச், பார்லி மால்ட் சாறு ஆகியவை. பெயர் ஒற்றுமையைக் கண்டு அஞ்சிவிடவும் கூடாது: மூலப்பொருள் பட்டியலில் 965 என்ற சேர்க்கைப் பொருள் எண்ணில் குறிக்கப்படும் மால்டிட்டால் ஓர் இனிப்பூட்டி, அதற்கும் பார்லி மால்ட்டுக்கும் தொடர்பில்லை. சார்பிட்டால் 420, சைலிட்டால் 967 ஆகியவையும் அப்படியே. ஆனால் 'மாற்றம் செய்த ஸ்டார்ச்' என்று மட்டும் எழுதி, எந்தத் தானியத்திலிருந்து எடுத்தது என்று சொல்லாமல் விட்டிருந்தால், உறையிலுள்ள நுகர்வோர் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். தெளிவான விடை வரும்வரை அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

செரிமானத்துக்கென்று விற்கும் சீரக மிட்டாய்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் பெருங்காயம் சேர்ந்திருக்கலாம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்திலோ மைதா கலப்பது வழக்கம்.

'குளூட்டன் இல்லை' என்று உறையில் போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வரம்பு. அந்த வாசகம் இல்லாத பட்சத்தில், ஒவ்வாமை அறிவிப்பைப் பாருங்கள். இந்திய விதிப்படி குளூட்டன் உள்ள தானியங்களை அங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாயில் அந்த அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள்: அந்நாட்டு ஒவ்வாமைச் சட்டம் கோதுமையைச் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது, பார்லியை அன்று. அங்கே மூலப்பொருள் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்த பிறகே பிள்ளையின் கையில் கொடுங்கள்.