ஊருக்குப் பம்பு வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் பல, "கிராமப் பெண்களுக்காக", "சிறு விவசாயிகளுக்காக" என்றுதான் தொடங்கும். நல்ல விஷயம். பாடப்புத்தகத்தில் வடிவமைப்பு முறைக்கு ஒரு வட்டம் போட்டிருப்பார்கள்: தேவையைக் கண்டுபிடி, யோசி, மாதிரி செய், சோதி, திருத்து, மறுபடி முதலிலிருந்து. வட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. எந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. தெருமுனையில் நிற்கும் அடிபம்பை வைத்தே அதைப் பார்க்கலாம். அதை யாரும் பெரிய தொழில்நுட்பமாக நினைப்பதில்லை, ஆனால் அதற்குப் பின்னால் அவ்வளவு கதை இருக்கிறது.

முதல் தவறு, யார் பயன்படுத்துவார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்காமலே வேலையைத் தொடங்குவது. 1960களின் வறட்சிக்குப் பிறகு, பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் வந்து இந்தியக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டன. மேலே மாட்டியதோ வார்ப்பிரும்பு பம்பு. ஐரோப்பா, அமெரிக்காவில் பண்ணை வீடுகளில் வைத்திருந்ததன் நகல். அங்கே ஒரு குடும்பம் வேளைக்குச் சில வாளி அடிக்கும். இங்கே ஊரே குடத்தோடு வரிசையில் நிற்கும், விடியலில் ஆரம்பித்தால் இருட்டும்வரை கைப்பிடி ஓயாது. அச்சாணி தேய்ந்தது, இரும்பு விரிசல் விட்டது. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது பெரும்பாலான பம்புகள் ஓடவில்லை. இந்த மாதிரி நேரத்தில் "ஜனங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். அப்படிச் சொல்லத் தோன்றினால், வடிவமைப்பில் எங்கோ ஓட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிப் பட்டறைகளில் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகில் பம்பு செய்து பார்த்தார்கள். அதை அடிப்படையாக வைத்து யுனிசெஃபும் இந்திய அரசு நிறுவனங்களும் சேர்ந்து செய்ததுதான் இந்தியா மார்க் 2. அடுத்த முறை அடிபம்பைப் பார்த்தால் தலைப்பகுதி மூடியைத் திறந்த நிலையில் பார்க்க முயலுங்கள். கைப்பிடியின் முனையில் கால்வட்டமாக ஒரு துண்டு, அதன்மேல் படிந்து இறங்கும் சங்கிலி, சங்கிலியில் தொங்கும் கம்பி. கைப்பிடி எவ்வளவு சாய்ந்தாலும் கம்பி நேராகவே ஏறி இறங்கும், பக்கவாட்டில் உரசாது. அச்சாணிக்கு மூடிய பால் பேரிங். கைப்பிடியின் எடை, உள்ளே தொங்கும் கம்பியின் எடையைச் சமன் செய்வதால் ஒரு சிறுமியால்கூட அடிக்க முடியும். ஒவ்வொன்றும் பழைய பம்பு எங்கே உடைந்தது என்று பார்த்துப் போட்ட பதில். இதற்குக் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் தரக்குறியீட்டின்படி செய்யலாம் என்று விட்டார்கள்.

அடுத்தது, பட்டறையில் ஓடிவிட்டால் போதும் என்று நினைப்பது. மார்க் 2-வின் மாதிரிகளைக் கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் பொருத்தி, மாதக்கணக்கில் ஓடவிட்டுத்தான் உற்பத்திக்குப் போனார்கள். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் பகுதி, அடிப்பவர்களும் அதிகம். சோதனை என்றால் இப்படிக் கடினமான இடத்தில் செய்ய வேண்டும். கல்லூரி வளாகத்தில் ஒரு மதியம் ஓட்டி வீடியோ எடுப்பதைச் சோதனை என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

மார்க் 2 செய்தவர்களும் ஒன்றில் கோட்டை விட்டார்கள்: பழுது பார்ப்பது. கிணற்றின் அடியில், சிலிண்டருக்குள் தண்ணீரை ஏற்றும் பிஸ்டனில் ஒரு தோல் வாசர் தேய்ந்தால்கூட, மேலிருந்து குழாய் மொத்தத்தையும் துண்டு துண்டாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். ஊர்க்காரர்களால் ஆகாது. தமிழ்நாட்டில் இதற்கென்றே மூன்றடுக்குப் பராமரிப்பு வைத்தார்கள்: ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. வண்டி வரும்வரை பெண்கள் பழையபடி தூரத்துக் கிணற்றுக்கு நடக்க வேண்டியதுதான். அப்புறம் 1983 முதல் 1988 வரை அதே கோயம்புத்தூர் பகுதியில் இன்னொரு கள ஆய்வு நடந்தது. தோல் வாசருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. அகலமான குழாய் போட்டு, குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை வெளியே எடுக்கும்படி மார்க் 3 பிறந்தது. இதிலும் இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. அகலக் குழாய் கனம் அதிகம், விலையும் அதிகம். எதை விட்டு எதை வாங்கினோம் என்பதை எழுதி வைப்பதும் வடிவமைப்பு வேலைதான். நம் மாணவர் அறிக்கைகளில் அந்தப் பக்கத்தைத்தான் காணவே முடிவதில்லை.

எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் தவறு வங்கதேசத்தில் நடந்தது. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாட்டில், 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமி இல்லாத தண்ணீர், நோக்கம் சரி. ஆனால் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமே அப்போது இல்லை. பக்கத்திலேயே மேற்கு வங்கத்தில் 1983-ல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாகா ஆர்சனிக்கால் பாதிக்கப்பட்ட நோயாளிகளைக் கண்டுபிடித்தார். வங்கதேசத்தில் கிணற்றுநீரில் ஆர்சனிக் உறுதியானது 1993-ல். இடையில் பத்து வருடம். பிறகு சோதித்த கிணறுகளில் ஆர்சனிக் வரம்பைத் தாண்டியதற்குச் சிவப்பு, தாண்டாததற்குப் பச்சை என்று வண்ணம் அடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் வரம்பு 50. ஆக, பச்சை அடித்த கிணறும் முழுக்கப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஆர்சனிக்கால் கையிலும் காலிலும் தடிப்பு வந்தவர்களைத் தொற்றுநோய்க்காரர்கள் என்று ஒதுக்கியது தனிக் கொடுமை. ஒரு பொருள் எதைச் சரிசெய்கிறது என்று அளப்பதோடு நிறுத்தாமல், புதிதாக எதைக் கொண்டுவருகிறது என்றும் தேட வேண்டும். வேறு எங்காவது யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று படித்துப் பார்ப்பதும் அதில் அடக்கம்.

புத்திசாலித்தனத்தில் மயங்குவதும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிளேபம்ப், குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் ஏற்பாடு. கேட்கவே அழகாக இருக்கும். 2006-ல் அமெரிக்காவில் பெரிய நிதியும் அறிவித்தார்கள். சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் தர ஒரு நாளைக்கு 27 மணி நேரம் குழந்தைகள் விளையாட வேண்டியிருக்கும் என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் பின்னர் கணக்குப் போட்டுக் காட்டியது. பள்ளி விடுமுறையில் ராட்டினத்தைத் தள்ளியது பெண்கள்தான். இந்தக் கூட்டல் பெருக்கலை முதல் நாளே ஒரு தாளில் போட்டிருக்கலாம்.

கடைசியாக, பம்பு நிற்கும் இடம். எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை வைத்து யார் தயங்காமல் குடத்தை வைக்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று முடிவாகும் ஊர்கள் நம்மிடம் உண்டு. எனவே இடம் குறிக்க ஊர்ப் பெரியவர்களோடு மட்டும் போகாதீர்கள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களை, எல்லாத் தெருவிலிருந்தும், கூட அழைத்துக்கொண்டு போங்கள். மேடை எவ்வளவு உயரம் வேண்டும், சிந்தும் தண்ணீர் யார் வீட்டு வாசலில் போய்த் தேங்கும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.