கிறிஸ்டோபர் சான்ஸை எங்கிருந்து தொடங்குவது?

ஆவணி மூலத் திருவிழாவில் பாணனுக்கு அங்கம் வெட்டிய லீலையைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரருக்கு, ‘ஹியூமன் டார்கெட்’ என்று அழைக்கப்படும் கிறிஸ்டோபர் சான்ஸ் யாரென்று விளக்க அதிக நேரம் ஆகாது. பாணன் என்ற முதிய வாளாசிரியருக்குச் சீடன் சித்தனே பகைவனாகிவிட, சோமசுந்தரர் அந்த ஆசிரியரின் உருவிலேயே சென்று அவனோடு போர் புரிந்தார். உண்மையான ஆசிரியருக்கோ, பிறர் வந்து சொல்லும்வரை எதுவும் தெரியாது. அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் கதைகளில் வரும் சான்ஸ் இதையே கூலிக்குச் செய்கிறார். கொலைமிரட்டலுக்கு ஆளானவரின் முகத்தையும் குரலையும் நடையையும் தமதாக்கிக்கொண்டு, அவருடைய இடத்தில் அவராகவே இருந்து, கொலைகாரன் வெளிப்படும்வரை காத்திருக்கிறார்.

முதலில், லென் வெய்ன் எழுதிய தொடக்கக் கதைகளில் இரண்டு மூன்றைப் படியுங்கள். 1972 டிசம்பர் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 419ஆம் இதழில், கார்மைன் இன்ஃபான்டினோவின் ஓவியத்தில் அவை தொடங்கின. (நம் பக்கத்துச் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.) சில பக்கங்களில் முடிந்துவிடும் துணைக்கதைகள் என்பதால், அனைத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்து நேராக 1999க்குத் தாவிவிடலாம். பீட்டர் மில்லிகன் எழுதி எட்வின் பியுகோவிச் வரைந்த நான்கு இதழ்களில்தான் இந்தக் கருத்தின் முழு வலிமையும் தெரிகிறது: சான்ஸின் உதவியாளர் டாம் மெக்ஃபாடன், சான்ஸாகவே வேடமிட்டு, தாம் யார் என்பதையே தொலைத்துவிடுகிறார். இதை வாசிக்கும்போது, எந்த முகத்துக்குள் யார் இருக்கிறார் என்று ஒரு தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே செல்லுங்கள். முதல்முறை அப்படிச் செய்யாமல், வேடத்தை அசலென்று நம்பிப் பாதிப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டியவன் நான். பிடித்திருந்தால், மில்லிகனே 2003 முதல் 2005 வரை எழுதிய 21 இதழ்கள் காத்திருக்கின்றன.

டாம் கிங்கும் கிரெக் ஸ்மால்வுட்டும் 2021இல் தொடங்கிய 12 இதழ்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேனின் எதிரியான லெக்ஸ் லூதராக வேடமிட்டிருந்தபோது லூதருக்கு வைத்த நஞ்சைக் குடித்துவிட்ட சான்ஸுக்கு எஞ்சியிருப்பவை 12 நாட்கள். நாளுக்கு ஓர் இதழாகக் கதை நகர்வதால், நீங்களும் அப்படியே நாளுக்கொன்றாகப் படித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் முடித்தால் அந்தச் சுவை பாதி போய்விடும்.

திரைக்கு வரும்போது எதிர்பார்ப்பைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் கதாநாயகனின் முகத்தை நம்பி எடுக்கப்படும் தொடரில் அந்த முகத்தையே மறைப்பது எளிதன்று. 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான ஏபிசி ஒளிபரப்பிய, ரிக் ஸ்பிரிங்ஃபீல்டு நடித்த தொடர் முகமூடியைக் கைவிடவில்லை. ஆனால் ஏழே அத்தியாயங்களில் நின்றுபோனது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2010 ஜனவரியில் தொடங்கிய, மார்க் வேலி நடித்த தொடர் இரண்டு பருவங்களில் 25 அத்தியாயங்கள் ஓடியது. அதில் சான்ஸ் வேறொரு பெயரில் வாடிக்கையாளரின் அருகிலிருந்து காவல் காப்பாரே தவிர, வாடிக்கையாளராக மாறுவதில்லை. சண்டைக்காகவும், குவெரேரோவாக வரும் ஜாக்கி எர்ல் ஹேலிக்காகவும் பார்க்கலாம். காமிக்ஸைப் படித்துவிட்டு வந்த என் தங்கை மகனுக்கு இதை முதலில் காட்டியது என் தவறு, “முகமூடி எங்கே மாமா?” என்று மூன்று அத்தியாயங்கள்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆகவே, 2016இல் வந்த ‘ஏரோ’ தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தையே முதலில் காட்டுங்கள். வில் டிராவல் நடித்த சான்ஸ், அத்தொடரின் நாயகன் மேயர் ஆலிவர் குவீனின் முகத்தோடு துப்பாக்கிக் குண்டை ஏற்கும் காட்சி வந்ததும், தங்கை மகன் ரிமோட்டைப் பிடுங்கி, பின்னால் ஓட்டி, அந்த நடையை மறுபடி பார்த்தான்.