கத்தாளை மீனின் செவிக்கல்லில் வயதை எண்ணுவது எப்படி?

செவிக்கல்லைக் காது எலும்பு என்று சொன்னாலும் அது எலும்பு இல்லை. உட்செவிக்குள் வளரும் சுண்ணாம்புக் கல். எலும்பில் சேர்ந்ததை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். செவிக்கல்லில் படிந்தது படிந்ததுதான். அதனால்தான் பிறந்த நாள் முதலான கணக்கு அதில் கலையாமல் கிடக்கிறது.

தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கற்கள் உண்டு. அவற்றில் நமக்கு வேண்டியது சஜிட்டா என்ற கல். கெண்டையில் அது ஊசிபோல மெலிந்திருக்கும், முதல் முயற்சிக்கு வேண்டாம். கத்தாளையில் நன்றாகப் பருத்திருக்கும்.

வெட்டுவதற்கு முன் மீனின் நீளத்தையும் வாங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மேலே கத்தியை வைத்துப் பின்பக்கமாக மண்டையின் மேல்மூடியைச் சீவுங்கள். மூளையை ஒதுக்கினால், பின்புறம் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கல் தெரியும். இடுக்கியால் மெல்ல எடுங்கள். தண்ணீரில் விரலிடுக்கில் உருட்டினால் வழவழவென்ற சவ்வு கழன்று, பீங்கான் துண்டுபோலப் பளிச்சென்று கையில் நிற்கும். எனக்கு இன்றும் பிடித்த கட்டம் இதுதான். காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். ஃபார்மலினில் போடாதீர்கள்; அதன் அமிலம் கல்லைக் கரைத்துவிடும்.

கத்தாளைக் கல் தடிப்பானது, வெளியிலிருந்து வளையம் தெரியாது. கல் வளரத் தொடங்கிய நடுக்கருவை உத்தேசமாகப் பென்சிலால் குறித்து, ஒரு முனையிலிருந்து ஈரமான உப்புத்தாளில் அந்தக் கோடுவரை தேயுங்கள். முதலில் 400 எண் தாள், பிறகு 1200. அவசரப்பட்டால் கரு தேய்ந்து முதல் வளையமே போய்விடும். இன்னொரு கல்லைத் தொடாமல் வையுங்கள்.

தேய்த்த முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து நுண்ணோக்கியில் பாருங்கள். வெளுத்த பட்டையும் இருண்ட பட்டையும் மாறி மாறி வரும். இரண்டும் சேர்ந்தது ஒரு வளையம். கருவிலிருந்து விளிம்புவரை ஒரே திசையில் எண்ணுங்கள். நீளக் குறிப்பை அப்போது பார்க்கவே கூடாது. பெரிய மீன் என்று தெரிந்தால் கண் தானாக ஒரு வளையத்தைக் கூட்டிக்கொள்ளும். இன்னொருவரையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள்.

குளிர்நாட்டுக் கடலில் ஆண்டுக்கு ஒரு வளையம் என்று பட்டைகள் துல்லியமாக இருக்கும். நம் கடலில் குளிர்காலம் என்று பெரிதாக இல்லை; பருவமழையும் முட்டையிடுதலும்கூட வளையம் போடலாம். ஆகவே மாதந்தோறும் சில மீன்களை வாங்கி, விளிம்பில் இருப்பது வெளுத்த பட்டையா இருண்டதா என்று ஓராண்டு பார்த்துவர வேண்டும். வெளுப்பு ஆண்டுக்கு ஒரே ஒரு பருவத்தில்தான் வருகிறது என்று உறுதியாகும்வரை நோட்டில் ‘வயது 4’ என்று எழுதாதீர்கள். ‘வளையம் 4’ என்றே எழுதுங்கள்.