தலைகீழாக விழுபவர்கள் பாராசூட் பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விமானத்திலிருந்து குதித்து, வயிறு தரையைப் பார்த்தபடி விழும் ஸ்கைடைவர் மணிக்கு ஏறக்குறைய 190 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார். அவரே உட்கார்ந்த நிலையிலோ தலைகீழாகவோ விழும் ஃப்ரீஃப்ளை பாணிக்கு மாறும்போது அந்த வேகம் 240 முதல் 290 வரை செல்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 195-லிருந்து 270-க்குச் செல்பவரின் பையையும் உடையையும் மோதும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அது வரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. உச்சந்தலை, பாதம், முதுகு என எந்தப் பக்கத்திலிருந்தும் காற்று பையின் மடிப்புகளுக்குள் புகுந்து அவற்றைக் கிளப்பப் பார்க்கிறது. பாராசூட் வாங்குபவர்கள் வழக்கமாக "இது ஒழுங்காகத் திறக்குமா?" என்று கேட்பார்கள். ஃப்ரீஃப்ளை செய்ய விரும்புபவர் அதற்கும் முன்பாக, "நான் இழுக்கும்வரை இது மூடியே இருக்குமா?" என்று கேட்க வேண்டும்.

மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பிரதானக் குடை தானாகத் திறந்துகொண்டால் கழுத்தும் தோளும் கடுமையாகக் காயமடையலாம், கயிறுகள் அறுந்து துணி கிழியலாம். திறந்த குடையால் ஒருவருடைய வேகம் சட்டென்று குறைய, அவருக்கு நேர் மேலே அதே வேகத்தில் வந்துகொண்டிருப்பவர் அவர்மீது மோதும் ஆபத்து அதைவிடப் பெரியது. பிரதானக் குடை கைகொடுக்காதபோது திறக்கும் ரிசர்வ் குடைக்கும் வரம்பு உண்டு. அதன்மீது தைத்திருக்கும் பட்டையில் அதிகபட்ச எடையும் வேகமும் அச்சிடப்பட்டிருக்கும். பல குடைகளில் 254 பவுண்டு, 150 நாட் என்று காணலாம். அதாவது சுமார் 115 கிலோ, மணிக்கு சுமார் 278 கிலோமீட்டர். தலைகீழாக விழுபவர் இந்த வரம்பை எளிதில் எட்டிவிடுவார் என்பதால், வாங்குவதற்கு முன்பே அந்தப் பட்டையைப் படித்துவிட வேண்டும்.

பையைப் பார்வையிடும்போது பைலட் சூட் வைக்கும் உறையிலிருந்து தொடங்குவது நல்லது. பிரதானக் குடையை வெளியே இழுத்துவரும் இந்தச் சிறு குடை, பையின் அடிப்புறத்தில், இறுக்கமாக நீளும் ஸ்பான்டெக்ஸ் உறைக்குள் இருக்க வேண்டும். கால் வாரிலோ இடுப்புப் பட்டையிலோ உறை தைத்த பழைய பைகள் ஃப்ரீஃப்ளைக்கு உதவா. அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. பைலட் சூட்டை உறைக்குள் திணித்த பிறகு துணி எங்கும் பிதுங்கித் தெரியக் கூடாது. உறையின் வாய்க்குள் இரண்டு விரல்களை நுழைத்து விரித்துப் பாருங்கள். விரல்களை எடுத்ததும் வாய் உடனே சுருங்கி மூட வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் உறையை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். கைப்பிடியாக ஒரு பந்து தொங்குவதைவிட, உறையோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான ஃப்ரீஃப்ளை கைப்பிடி விமானத்தின் கதவிலோ சக குதிப்பாளரின் காலிலோ சிக்கும் வாய்ப்பு குறைவு.

பைலட் சூட்டையும், பையை மூடிவைக்கும் ஊசியையும் இணைக்கும் நாடா, உறையிலிருந்து மூடு மடிப்புவரை எங்கும் வெளியே தெரியாமல் மறைந்திருக்க வேண்டும். ஓர் அங்குல நாடா வெளியே வளைந்து நின்றாலும், தலைகீழ் நிலையில் காற்று அதைப் பிடித்து இழுத்து ஊசியைக் கழற்றிவிடக்கூடும். ஊசியின் மேல் மூடும் மடிப்பு விறைப்பாக இருந்து, தன் காடிக்குள் ஆழமாகச் செருகிக்கொள்ள வேண்டும். வெல்க்ரோ வைத்த பழைய மடிப்புகள் தேயத் தேயப் பிடிப்பை இழக்கும், பக்கத்திலிருக்கும் நாடாவையும் அரித்துவிடும். ஆகவே செருகு மடிப்போ காந்த மடிப்போ உள்ள பையே மேல். குடையின் கயிறுகளை உடல் வார்களோடு இணைக்கும் பட்டைகளான ரைசர்களைத் தோள்மீது மூடும் மடிப்புகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அவை நடுவானில் திறந்தால் ரைசர்கள் வெளியே வந்து முகத்தையும் தலைக்கவசத்தையும் அடித்துக்கொண்டிருக்கும்.

பையை மூடிவைத்திருக்கும் கண்ணி சில அங்குல நீளக் கயிறுதான், ஆனால் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. அதற்குள் ஊசியைச் செருகும்போது கொஞ்சம் பலம் தேவைப்பட வேண்டும். மூடிய பையில் ஊசியை ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினாலே அது வழுக்கிக்கொண்டு வந்தால் கண்ணி நீண்டுவிட்டது. இழைகள் பிசிறிய கண்ணியை இன்னும் பத்துக் குதிப்புகளுக்கு ஆகட்டும் என்று விட்டுவைக்காமல் அன்றே மாற்றிவிட வேண்டும். அதேவேளை, பைலட் சூட்டாலேயே ஊசியை இழுக்க முடியாத அளவுக்குக் கண்ணியை இறுக்குவதும் ஆபத்தானது. குடையின் அளவும் பையின் அளவும் பொருந்தாதபோதே இந்த இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் தலைதூக்குகின்றன. பெரிய பைக்குள் சிறிய குடையை வைத்துவிட்டுக் கண்ணியை மட்டும் சுருக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. மடிப்புகள் தளர்வாகவே இருக்கும் என்பதால் அது தீர்வாகாது.

பையை உடலோடு பிணைக்கும் வார்த்தொகுப்பான ஹார்னஸ் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஃப்ரீஃப்ளையில் அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. உட்கார்ந்த நிலையில் விழும்போது கால் வார்கள் தொடையிலிருந்து முழங்காலை நோக்கி நகர்ந்துவிடும். இரண்டு கால் வார்களையும் பின்புறமாக இணைக்கும் மீள் கயிறு அதைத் தடுக்கிறது. அது இல்லாத பையில், பாராசூட் பைகளைப் பழுதுபார்க்கும் ரிக்கர் ஒருவரைக் கொண்டு சேர்த்துக்கொள்ளலாம். மார்பு வாரின் மிச்ச நீளத்தை அதற்கான வளையத்தில் மடித்துச் செருகிவிட வேண்டும். ரிசர்வ் கைப்பிடியைப் பொறுத்தவரை, உலோக வளையத்தில் பிறர் கையோ காலோ கோத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. துணித் தலையணை வடிவக் கைப்பிடியில் அது குறைவு. ஆனால் தலையணையை இறுகப் பற்றி இழுக்கத் தரையிலேயே பழக வேண்டும்.

உயரமானி கையில் இருந்தால் போதும் என்று எண்ணுபவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 4,000 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர்வரை வயிற்று நிலையில் விழ ஏறக்குறைய 50 விநாடிகள் ஆகும். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரம் 40 விநாடிகளுக்குள் முடிந்துவிடும். பழைய நிலையில் பழகிய மனக்கடிகாரம் இங்கே நம்மை ஏமாற்றும். ஆகவே காதருகே ஒலிக்கும் உயரமானி ஒன்றைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொள்வது அவசியம். குடையை இழுப்பதற்கு முன் பிறரிடமிருந்து விலகி, வயிற்று நிலைக்குத் திரும்பி, வேகத்தைக் குறைக்கச் சில விநாடிகள் தேவை. அதற்கேற்ப முதல் ஒலியை வழக்கத்தைவிட உயரத்தில் அமைக்க வேண்டும்.

குதிப்பவர் நினைவிழந்தால் ரிசர்வைத் திறக்கும் தானியங்கிக் கருவி இன்றியமையாதது. 1991-இல் வந்த சைப்ரஸ் இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது; அதன் எக்ஸ்பர்ட் வகை, சுமார் 225 மீட்டர் உயரத்திலும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் செயல்படும். பழைய பையோடு வரும் கருவியில் தயாரிப்பு ஆண்டையும் அடுத்த பராமரிப்புத் தேதியையும் சரிபார்க்க வேண்டும்.

தலைக்கவசம் கடினமான ஓடும் உறுதியான தாடை வாரும் கொண்டதாக இருக்கட்டும்; குழுவாகப் பயிற்சி செய்யும்போது பிறரின் முழங்காலும் குதிகாலும் முகத்துக்கு நேரே வருவது சாதாரணம். கேமரா அதில் கூடுதலாகச் சிக்கும் ஒரு முனை என்பதால், புதியவர் அதைத் தள்ளிப்போடலாம். அமெரிக்க பாராசூட் சங்கம் 200 குதிப்புகளுக்குப் பிறகே கேமராவைப் பரிந்துரைக்கிறது. உடையில் ஒரே நிபந்தனைதான்: காற்றில் கிளம்பும் மேல்சட்டை எந்தக் கைப்பிடியையும் மூடக் கூடாது. இரண்டு துண்டு உடையானால் சட்டையை இடுப்புக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

பையில் சொந்தமாக எதையும் தைக்க வேண்டாம். உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஸ்கைடைவர் பாட்ரிக் டி கயார்டோன் 1998-இல் ஹவாயில் உயிரிழந்ததற்குக் காரணம், அவரே தன் பையில் செய்துகொண்ட மாற்றம். அவ்வளவு அனுபவசாலிக்கே அப்படி நேர்ந்தது.

பழைய பையை வாங்குவதானால், பணம் கொடுப்பதற்கு முன் உரிமம் பெற்ற ரிக்கரிடம் காட்டுங்கள். பிறகு முழு உடையுடன் பையை மாட்டி, குந்தி உட்கார்ந்து, மல்லாந்து, சுவரோரம் கால்களைத் தூக்கித் தலைகீழாக நில்லுங்கள். ஒவ்வொரு நிலைக்குப் பின்னும் வேறொருவர் உங்கள் முதுகுப் பக்கம் வந்து ஊசி, நாடா, உறை, ரைசர் மடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்களை மூடிக்கொண்டு பைலட் சூட், பழுதான பிரதானக் குடையைக் கழற்றிவிடுவது, ரிசர்வ் என மூன்று கைப்பிடிகளையும் தொட முடிகிறதா என்று நீங்கள் சோதியுங்கள். அங்கே ஒரு மடிப்பு கிளம்பினாலும் அந்தப் பையோடு வயிற்று நிலையில் மட்டுமே குதிக்கலாம், அதுவும் ரிக்கர் பார்த்த பிறகு.